மிக்ஸிங்கிலிருந்து டிசைனுக்கு: கவர் ஆர்ட்டில் தொடங்குங்கள்

ரெக்கார்டிங், மிக்ஸிங் என்று இருந்தவர்கள் டிசைன் தொழிலுக்கு வந்ததும் கம்பெனி லோகோ, வெப்சைட் என்று ஓட வேண்டியதில்லை. உங்கள் போனில் இருக்கும் நம்பர்கள் பாடகர்களும் இசையமைப்பாளர்களும்தானே! ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் வெளியிடும் ஒவ்வொரு சிங்கிளுக்கும் (தனிப்பாடலுக்கும்) அவர்களுக்குக் கவர், அதாவது முகப்புப் படம் வேண்டும்.

அளவு 3000 × 3000 பிக்சல், ஆர்ஜிபி (திரைக்கான நிற முறை), ஜேபிஜி ஃபைல். அச்சுக்கான நிற முறையான சிஎம்ஒய்கே-யில் செய்த ஃபைலை அப்படியே ஏற்றினால் நிறம் மாறும், அல்லது ஃபைலே திரும்பி வரும். இன்ஸ்டாகிராம் ஐடி, வெப்சைட் முகவரி, விலை எதுவும் கவரில் இருக்கக் கூடாது, தளத்தில் நிராகரித்துவிடுவார்கள். ரிலீஸுக்கு முந்தைய நாள் இது தெரிந்தால் பழி டிசைனர் தலையில்தான். போனில் நகம் அளவுக்குச் சுருக்கியும் பாருங்கள்.

தமிழ்த் தலைப்பில் இன்னொரு வம்பு: ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் 'கொ' போட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். அவற்றில் டைப் செட்டிங்கில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்து யூனிகோட் ஃபான்ட் போட்டால் சரியாகும்.

கவரோடு 9:16 ஸ்பாட்டிஃபை கேன்வாஸ் லூப் (பாட்டு ஓடும்போது திரும்பத் திரும்ப ஓடும் சின்ன வீடியோ, 3 முதல் 8 விநாடி), 1280 × 720 யூடியூப் தம்ப்நெயில் சேர்த்து ஒரே விலையாகச் சொல்லுங்கள். பாதி அட்வான்ஸ், இரண்டு திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம்; வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும். ஃபான்ட்டுக்கு வணிக லைசென்ஸ் உண்டா என்றும் பாருங்கள். அடுத்தவர் பாட்டின் துண்டைப் பயன்படுத்த அனுமதி வாங்கும் சாம்பிள் கிளியரன்ஸ் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.