பொலோன்யா ராகூ: தக்காளியைக் குறைத்த பிறகு

இத்தாலியின் பொலோன்யா நகரத்து இறைச்சி சாஸான ராகூவைக் கொஞ்ச காலமாக வீட்டில் செய்து பார்த்துவருகிறேன். இப்போது மனத்துக்கு நிறைவான ஒரு பக்குவம் கைகூடியிருக்கிறது.

நான் பின்பற்றுவது இத்தாலியச் சமையல் அகாதமியின் செய்முறை. 1982-இல் பொலோன்யா வணிகச் சபையில் பதிவு செய்யப்பட்டு, 2023-இல் புதுப்பிக்கப்பட்டது. 400 கிராம் மாட்டுக் கொத்துக்கறிக்கு 150 கிராம் பான்செட்டா (பன்றி வயிற்றுக்கறி), வெங்காயம், கேரட், செலரி வகைக்கு 60 கிராம், தக்காளி விழுது 200 கிராம். பூண்டு இல்லை, மூலிகைகளும் இல்லை. கெட்டிப்படுத்த மாவு சேர்ப்பதையும் அகாதமி ஏற்பதில்லை. 1982 செய்முறையில் தக்காளி இன்னும் குறைவு: ஐந்து மேசைக்கரண்டிதான். 1891-இல் இத்தாலியச் சமையல்நூல் ஆசிரியர் பெல்லெக்ரீனோ அர்தூசி எழுதிய பொலோன்யா மக்ரோனிக் குறிப்பில் தக்காளியே கிடையாது. இது தக்காளி சாஸில் கறி போட்ட பண்டம் அன்று. கறிக்குத் துணையாகத் தக்காளி வருகிறது. அதைக் கைவிடாமல் பிடித்துக்கொண்ட பிறகுதான் என் ராகூ தேறியது.

பான்செட்டாவாகப் பதப்படுத்தாத பன்றி வயிற்றுக்கறியை மிகப் பொடியாக நறுக்கிப் போடுகிறேன். புகையூட்டிய பேக்கன் வேண்டாம். புகை மணம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. கொழுப்பு உருகி வந்ததும் வெங்காயம், கேரட், செலரி. இவை கறிக்குள் கரைந்துபோகும் அளவுக்குப் பொடியாக இருக்க வேண்டும். சிறு தீயில், நிறம் மாறாமல் வதங்கட்டும்.

நான் அதிகம் கவனம் செலுத்துவது கொத்துக்கறியை வறுப்பதில்தான். அதை அகலமான இரும்பு வாணலியில் தனியாக, இரண்டு ஈடுகளாக வறுக்கிறேன். ஒரேயடியாகக் கொட்டினால் கறி நீர் விட்டு, அந்த நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். நீர் வற்றும்வரை கறியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பேறி மணம் வர அதைவிட நல்ல சூடு வேண்டும். ஈரம் வற்றியதும் ஓசையே மாறுகிறது: கொதிக்கும் சத்தம் போய், சடசடவென்று பொரியும் சத்தம் கேட்கிறது. அதன் பிறகும் சில நிமிடங்கள் விடுகிறேன். அடியில் பிடித்த பழுப்பை ஒரு குவளை உலர் வெள்ளை ஒயின் ஊற்றிச் சுரண்டி எடுத்தால் அத்தனை சுவையும் சாஸுக்கு வந்துவிடும். ஒயினின் காரநெடி முழுவதும் போன பிறகே தக்காளி.

பிறகு எலும்புச் சாறு சிறிது சிறிதாக. குமிழி ஒன்றிரண்டு மட்டும் எழும் தீயில் மூன்று மணி நேரம். அகாதமி சொல்வது சுமார் இரண்டு மணி நேரம், கறியைப் பொறுத்து மூன்றும் ஆகலாம். நான் வாங்கும் கழுத்துக்கறியில் இணைப்புத் திசு அதிகம், அது கரைந்து சாஸுக்குப் பிசுபிசுப்பைத் தர மூன்றாவது மணி நேரம் தேவைப்படுகிறது. பாதி வெந்ததும் ஒரு குவளை கொழுப்புள்ள பால். 2023 செய்முறையில் பால் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. நான் விடுவதாயில்லை: தக்காளி, ஒயின் இரண்டின் புளிப்பும் தணிந்து, சாஸ் ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்துக்கு வருகிறது. கொழுப்பு பிரிந்து ஓரங்களில் மினுங்கினால் இறக்கிவிடலாம். உப்பைக் கடைசியில் பார்ப்பது நல்லது, சாறு சுண்டச் சுண்ட உப்பு ஏறும்.

பொலோன்யாவில் இதற்கு இணை முட்டை சேர்த்த தாலியாதெல்லே என்னும் பட்டையான பாஸ்தா, ஸ்பகெட்டி அல்ல. வெந்த பிறகு அதன் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972-இல் அதே வணிகச் சபையில் தங்க மாதிரியுடன் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த அகலப் பட்டையில் கறித்துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. வழுக்கும் மெல்லிய ஸ்பகெட்டியில் பாதி தட்டிலேயே தங்கிவிடுகிறது. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று பிசைந்து நானே தேய்க்கிறேன். அகலம் இன்னும் ஒரே சீராக வரவில்லை.

அடுத்த முறை அரைத்த கறியை விட்டுவிட்டுக் கத்தியால் கொத்திய கறியில் செய்யப் போகிறேன். 1982 செய்முறை கேட்கும் உதரவிதானக் கறியைக் கறிக்கடையில் சொல்லிவைத்திருக்கிறேன்.