ஒரே கினி, இரண்டு சமூகங்கள்

ஏற்றத்தாழ்வு பற்றிய பாடத்தை முதலில் வரையறைகளாகத்தான் மனப்பாடம் செய்தேன். ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்ணான கினி குணகம் 0 என்றால் முழுச் சமத்துவம், 1 என்றால் எல்லாம் ஒருவர் கையில். மாதிரித் தேர்வில் "இந்த எண் எதைச் சொல்லாது?" என்று கேட்டிருந்தார்கள். வேறு வழி தெரியாமல் அதே வரையறையைத் திரும்ப எழுதி வைத்தேன். மதிப்பெண் கிடைக்கவில்லை.

அன்று மாலை ஒரு தாளில் ஐந்து பேரை எழுதினேன். மொத்த வருமானம் 100. முதல் சமூகத்தில் 5, 10, 15, 20, 50. இரண்டாவதில் 10, 10, 10, 10, 60. ஏழையிலிருந்து கூட்டிக்கொண்டே போனால் முதலாவதில் 5, 15, 30, 50, 100. இரண்டாவதில் 10, 20, 30, 40, 100. இவற்றைப் புள்ளிகளாக வைத்து இணைத்தால், 1905-இல் மாக்ஸ் லோரன்ஸ் அறிமுகப்படுத்திய வளைகோடு கிடைத்துவிடும். எல்லாருக்கும் சமமாக இருந்தால் வரும் நேர்கோடான மூலைவிட்டத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் உள்ள பரப்பை, மூலைவிட்டத்துக்குக் கீழுள்ள முழு முக்கோணத்தின் பரப்பால் வகுத்தால் கினி. இரண்டுக்கும் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே 0.4. நம்பாமல் இன்னொரு முறை போட்டேன். அதேதான்.

ஆனால் இரண்டும் ஒரே மாதிரி சமூகமா? முதலாவதில் படிகள் இருக்கின்றன, நடுவில் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டாவதில் நால்வர் ஒரே தரையில், ஒருவர் மட்டும் மாடியில். வளைகோடுகள் மூன்றாவது ஆளிடம், 30-இல், ஒன்றையொன்று வெட்டுகின்றன. தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த ஒரு கணக்கையாவது கையால் போட்டுப் பாருங்கள். பத்துப் பக்கம் வாசித்துப் புரியாதது இதில் புரிந்தது.

வருமானத்தையும் சொத்தையும் கலக்காதீர்கள். வருமானம் ஓடி வருவது, சொத்து சேர்ந்து கிடப்பது. ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவருக்குப் பெற்றோர் விட்டுச்சென்ற வீடும் மற்றவருக்குக் கடனும் இருந்தால், வேலை போகும் நாளில் அவர்கள் ஒரே இடத்தில் இல்லை. விடையின் முதல் வரியிலேயே எதன் ஏற்றத்தாழ்வைப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வர்க்கம். உற்பத்திச் சாதனங்கள் யாருடையவை என்பது மார்க்ஸின் கேள்வி. சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் அதோடு சமூக மதிப்பையும் அரசியல் பலத்தையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தார். இவ்வளவும் எளிதாக நினைவில் நின்றது. சமூகவியலாளர் பியர் பூர்தியுவின் பண்பாட்டு மூலதனம், அதாவது வீட்டிலிருந்து ஒருவருக்குக் கிடைக்கும் அறிவும் பழக்கவழக்கமும்தான் பிடிபடவில்லை, என் தோழியைக் கவனிக்கும்வரை. சந்தேகம் வந்தால் அவள் நேராகப் போய் ஆசிரியர் அறைக் கதவைத் தட்டுவாள். நான் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டு வெளியே நிற்பேன், யாராவது வந்தால் நகர்ந்துவிடுவேன். எங்கள் வீட்டில் கல்லூரி வரை வந்தது நான்தான் முதல். கதவைத் தட்டலாம் என்பதே ஒருவருக்கு வீட்டிலிருந்து வருகிறது என்று அப்போதுதான் விளங்கியது. புத்திசாலித்தனக் குறைவு என்று அதுவரை என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது.

சொந்த அனுபவத்தை விடையில் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். கருத்தைச் சொல்லிவிட்டு ஓரிரு வரியில் எழுதலாம், கருத்துக்குப் பதிலாக வேண்டாம். கோபம் இருந்தால் இருக்கட்டும், அதற்குக் கணக்கைத் துணைக்கு வையுங்கள்.

கடைசியாகப் பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ். வளர்ச்சியின் தொடக்கத்தில் ஏற்றத்தாழ்வு கூடி, பிறகு குறையும் என்ற அவருடைய 1955 கருத்தைப் பலர் இயற்கை விதிபோல எழுதுகிறார்கள். அந்தக் கட்டுரையிலேயே அவர், இதில் தரவு 5 சதவீதம், ஊகம் 95 சதவீதம் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏறி இறங்கும் அவருடைய வளைகோட்டை வரையும்போது பக்கத்திலேயே இதையும் ஒரு வரி எழுதுங்கள்.