கட்சி மாறிய செல்லும் ஒரு ஹெர்பிஸ் வைரஸும்

புற்றுநோயை வைரஸால் தாக்குவது என்றதும் வைரஸ் கேன்சர் செல்லுக்குள் புகுந்து, பெருகி, அதை வெடிக்க வைப்பதுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். 2015இல் அமெரிக்காவில் மெலனோமா என்ற தோல் புற்றுக்கு அனுமதி பெற்ற டி-வெக் முக்கியமாக அந்த வழிதான். உதட்டோரம் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸின் மரபணுக்களை மாற்றிச் செய்தது.

எனக்கு அதைவிட சுவாரஸ்யமாகப் படுவது அதே குடும்பத்து சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சிஎம்வி. எலிகளைத் தாக்கும் சிஎம்வியை எலியின் மெலனோமா கட்டிக்குள் நேரடியாக ஊசி போட்டுப் பார்த்தார்கள். அங்கே அது கட்டியில் குடியிருந்த மேக்ரோஃபேஜ்களுக்குள் புகுந்தது. மேக்ரோஃபேஜ் என்பது கிருமிகளை விழுங்கும் நம்முடைய காவல் செல்தான், ஆனால் கட்டிக்குள் போனதும் கட்சி மாறிவிடும்: புது ரத்தக்குழாய் வளர உதவும், கொல்ல வரும் டி செல்களை அடக்கிவைக்கும், கேட்டால் புண்ணை ஆற்றுகிறேன் என்று சொல்லும் ரகம். சில கட்டிகளில் இவை கொஞ்சநஞ்சமல்ல, பெரும் கூட்டமே இருக்கும்.

சரி, வைரஸ் உள்ளே போனால் என்ன ஆகும்? சிஎம்வியின் மரபுப்பொருள் டிஎன்ஏ. செல்லின் சைட்டோபிளாசத்தில், அதாவது உட்கருவுக்கு வெளியே இருக்கும் கூழில், டிஎன்ஏ கிடக்கக் கூடாது, கிடந்தால் சிகேஸ் என்ற புரதம் அதைக் கண்டுபிடித்து ஸ்டிங் என்ற இன்னொரு புரதத்தை உசுப்பிவிடும், அது இன்டர்ஃபெரானைச் சுரக்கவைத்து அபாய மணி அடிக்கும். மேக்ரோஃபேஜாக மாறக்கூடிய மோனோசைட் என்ற ரத்த வெள்ளை அணுக்களும் புதிதாக வந்து சேர, மேக்ரோஃபேஜ்களின் சுபாவமே அழற்சியைத் தூண்டும் பக்கம் திரும்புகிறது. கட்டியின் வளர்ச்சி தாமதமாகிறது. அதோடு டி செல்களுக்குப் போட்ட பிரேக்கை விடுவிக்கும் பிடி-எல்1 தடுப்பு மருந்தையும் சேர்த்தபோது பல எலிகளில் கட்டியே காணாமல் போனது! இதில் எனக்குப் பிடித்த விஷயம், வைரஸ் எல்லா கேன்சர் செல்லையும் தேடித்தேடிக் கொல்ல வேண்டியதில்லை என்பதுதான்.

எலிக்கு நடந்ததை அப்படியே மனிதருக்குத் தூக்கிவர முடியாது. மனித சிஎம்வி உலகில் பாதிக்கு மேற்பட்ட பெரியவர்களின் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கிறது, ஆனால் கருவில் இருக்கும் குழந்தைக்கும் உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் அது ஆபத்து, அதனால் பலவீனப்படுத்தாமல் ஊசியில் ஏற்றுவதை யோசிக்கவே முடியாது. அப்புறம் ஏன் வைரஸ், ஸ்டிங்கை மட்டும் மருந்தால் உசுப்பிவிடலாமே என்று கேட்கலாம். அதையும் நோயாளிகளிடம் சோதித்தார்கள், பெரிய பலன் இல்லை. வைரஸ் அதைத் தாண்டியும் ஏதோ செய்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.