கூந்தன்குளத்துக் கோழிகளும் கூழைக்கடாக்களும்

திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் போகலாம். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். வரித்தலை வாத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் பிப்ரவரியில் கிளம்பினேன். இமயமலையைத் தாண்டி வரும் பறவை அது. 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். குளத்தங்கரையில் கூட்டமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. கண் நிறையப் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு அதிக நேரம் நின்றது குளக்கரையில் இல்லை, ஊருக்குள் ஒரு வேப்ப மரத்தடியில்.

இந்த ஊரில் பறவைகள் குளத்துக் கருவேல மரங்களோடு நிற்பதில்லை. வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேம்பிலும் புளியிலும் மஞ்சள்மூக்கு நாரையும் பெலிக்கன் என்கிற கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. மற்ற சரணாலயங்களில் தொலைநோக்கி வைத்துத் தேடுகிற பறவை, இங்கே ஓட்டு வீட்டுக் கூரைக்கு மேலே இறக்கையை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வளர்ந்த நாரை பெரும்பாலும் அலகைத்தான் தட்டும். குஞ்சுகளோ பசி வந்தால் ஊரையே கூப்பிடும். கூழைக்கடாக் குஞ்சு, தாயின் தொங்குபைக்குள் தலையைக் கழுத்துவரை விட்டு மீனை எடுக்கிறது. முதல்முறை பார்க்கிறவர்களுக்கு, தாய் குஞ்சை விழுங்குகிறதோ என்று பதறும்.

அந்த மரத்தடியில் ஒரு நாட்டுக்கோழி தன் குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்தது. மேலே நாரைகள் ஊட்டும்போது சில மீன்கள் தவறிக் கீழே விழும். கோழி ஓடிப்போய்க் கொத்தும், காகத்துக்கு முந்திவிடும். தலைக்கு மேலே எத்தனையோ பெரிய இறக்கைகள் போய் வந்தும் அது அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு வல்லூறு தாழப் பறந்து வந்தது. நாரையோடு ஒப்பிட்டால் பொடிப் பறவை. கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது. குஞ்சுகள் எல்லாம் விறகுக் குவியலுக்குள் போய்விட்டன. வானத்து எதிரிக்கு ஒரு குரல், தரையில் வரும் எதிரிக்கு வேறொரு குரல் என்று கோழிகள் பிரித்து எச்சரிக்கும் என்று படித்திருக்கிறேன். எந்த இறக்கைக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்றும் இந்தக் கோழிக்குத் தெரிந்திருந்ததை அங்கேதான் கண்டேன். காட்டுக்கோழியின் வழிவந்ததுதானே, அந்தக் கண் இன்னும் போகவில்லை.

அந்த வீட்டு ஆச்சியிடம், எச்சமெல்லாம் துணியில் விழுமே என்று கேட்டேன். "மரத்தடியில காயப் போட்டா அது யாரு தப்பு, நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார். தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம். பறவைக்கு ஊர் இடம் கொடுக்கிறது, ஊருக்குப் பறவையும் கொடுக்கிறது. அரசாங்கப் பலகை வைத்து இதைக் கொண்டுவர முடியாது என்றே நினைக்கிறேன்.

ஒன்றுதான் மனதைக் கஷ்டப்படுத்தியது. பறக்கும் படம் வேண்டும் என்று சிலர் மரத்தடியில் நின்று கை தட்டினார்கள். தாய் எழுந்து போனால் இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் கிடக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மழை பொய்த்த வருடம் குளம் வறண்டு பறவைகள் குறைந்துவிடும், அதனால் முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். வாத்துகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், தெருவுக்குள்ளும் கொஞ்சம் நடந்து பாருங்கள்.