கேமரா அங்கே எப்படி வந்தது?

ஜூலை 4

'நானுக் ஆஃப் தி நார்த்' பார்த்தேன். 1922-இல் வந்த மௌனப் படம், ஆவணப்படங்களுக்கெல்லாம் பாட்டன் என்று எல்லோரும் சொல்வது. கனடாவின் வடக்கே, பனிப்பிரதேசப் பழங்குடியான இனூயிட் வேட்டைக்காரர் ஒருவர், அவர் குடும்பம், பனி, பசி. இயக்குநர் ஃபிளாஹெர்ட்டி நன்றாகத்தான் எடுத்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் இக்ளூ என்கிற பனிக்கட்டி வீட்டுக்குள் குடும்பமே படுத்து எழுகிற காட்சியில் அவ்வளவு வெளிச்சம் எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்துக் கேமராவுக்கு உள்ளே இருக்கிற வெளிச்சம் போதாது என்று, ஒரு பக்கம் திறந்த இக்ளூவைக் கட்டி, அதில் எடுத்திருக்கிறார்கள். அதாவது அந்தக் குளிரில் வெட்டவெளியில் சட்டையைக் கழற்றிவிட்டுத் தூங்குவதுபோல நடித்திருக்கிறார்கள், பாவம். அந்த வேட்டைக்காரர் பெயர் நானுக்கும் இல்லை, அல்லகாரியல்லக். துப்பாக்கி வைத்திருந்த ஆட்கள் ஈட்டியோடு வால்ரஸ் பிடிக்கிறார்கள், ஏனென்றால் பார்க்கிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும். கிராமஃபோன் தட்டைக் கடித்துப் பார்க்கிற இடத்தில்தான் எனக்குக் கோபமே வந்தது. ஒன்றும் தெரியாத மனிதன் என்று நாம் சிரிக்க வேண்டுமாம்.

படத்துக்குப் பணம் கொடுத்தது ரெவியோன் ஃப்ரேர் என்ற பிரெஞ்சுத் தோல் வியாபார கம்பெனி. படத்தில் வரும் வியாபாரி தங்கமான மனிதராகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்?

ஜூலை 6

சின்னக் குறிப்புதான். தேர்தல் முடிவு வந்தால் தோற்ற கட்சிக்காரர்கள் வாக்காளர்களை லெம்மிங் என்று திட்டுவதை ஆங்கிலப் பத்திகளில் பார்த்திருப்பீர்கள், கும்பலாகப் போய்க் கடலில் விழுந்து சாகிற எலி மாதிரி என்று. அந்த நம்பிக்கையை உலகம் முழுக்கப் பரப்பியதில் பெரிய பங்கு டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னஸ்' (1958) படத்துக்கு. அந்தக் காட்சியை எடுத்த இடம் கனடாவின் ஆல்பர்ட்டா, அங்கே கடலே கிடையாது. எலிகளை வேறு மாகாணத்திலிருந்து காசு கொடுத்து வாங்கி வந்து, சுழலும் மேடையில் ஓடவிட்டு ஆயிரக்கணக்கில் இருப்பதுபோலக் காட்டி, கடைசியில் ஆற்றில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அதற்கு ஆஸ்கர் வேறு!

ஜூலை 11

'ரோஜர் அண்ட் மீ' (1989). மைக்கேல் மூர் எனக்கு அரசியலில் வேண்டியவர்தான், அதனால்தான் கொஞ்சம் கூடுதலாக முறைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மிச்சிகனில் ஃபிளின்ட் என்ற ஊர், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளை மூடுகிறது, ஊரே காலியாகிறது. தொப்பியும் தொந்தியுமாக இவர் கம்பெனித் தலைவர் ரோஜர் ஸ்மித்தைப் பார்க்க அலைகிறார், வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு குடும்பத்தின் சாமான்களை வீதியில் வைக்கிறார்கள், அந்தப் பக்கம் ஸ்மித் விழா மேடையில் அன்பைப் பற்றிப் பேசுகிறார், இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டிக் காட்டும்போது யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது.

ஆனால் தேதிகளைப் பார்த்தால்தான் விஷயம். ஆலைகளை மூடப்போவதாக அறிவித்தது 1986. ஊரைக் காப்பாற்ற 'ஆட்டோ வேர்ல்ட்' என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா கட்டி அது படுத்துவிடுகிறதே, அது திறந்தது 1984-இல். படத்திலோ ஆலை போன பிறகு பூங்கா வருகிறது. ரீகன் வந்து வேலையிழந்தவர்களோடு பீட்ஸா சாப்பிடுவது இன்னும் மோசம், அவர் வந்தது 1980-இல், அப்போது வெறும் வேட்பாளர். படம் வந்த சமயத்திலேயே இதையெல்லாம் விமர்சகர்கள் பிடித்துவிட்டார்கள். ஊர் நாசமானது உண்மை, கம்பெனி கைவிட்டதும் உண்மை. கையில் இவ்வளவு உண்மை இருக்கும்போது தேதியை ஏன் மாற்ற வேண்டும்? எதிராளிக்கு நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

ஜூலை 15

மச்சான் வந்திருந்தான். பேச்சு 'தி கேரளா ஸ்டோரி' பக்கம் போனது. "படம்தானே மாப்ள, அதுல போய் கணக்குப் பாத்துக்கிட்டு" என்கிறான். கணக்கை நானா கொண்டு வந்தேன்? கேரளாவிலிருந்து மதம் மாறி ஐஎஸ் தீவிரவாத அமைப்பில் சேர்ந்தது 32,000 பெண்கள் என்று டீசரில் சொன்னது அவர்கள். கேள்வி கிளம்பியதும் 2023-இல் அந்த எண் மூன்று பெண்கள் என்று ஆனது. 32,000-க்கு ஆதாரமான தரவு இல்லை, இது கற்பனை கலந்தது என்று படத்தின் ஆரம்பத்தில் போட வேண்டிய நிலை உச்ச நீதிமன்றத்தில் வந்தது. அந்த வாசகத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? பாப்கார்ன் வாங்கிக்கொண்டு உள்ளே வருவதற்குள் போயிருக்கும்.

அந்தக் காலத்தில் ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப் படம் போடுவார்களே, அணைத் திறப்பு, வெள்ள நிவாரணம், அமைச்சர் கைகுலுக்கல். அரசாங்கம் தன்னைத் தானே புகழ்ந்துகொள்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எம்ஜிஆர் வரும்வரை பொறுத்துக்கொள்வோம், அவ்வளவுதான். அந்தப் பிரச்சாரத்தில் ஒரு நேர்மை இருந்தது என்றேன். மச்சான் சிரித்தான், காபி கேட்டான், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஜூலை 20

எரால் மாரிஸின் 'தி தின் புளூ லைன்' (1988). 1976-இல் டல்லாஸில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்படுகிறார், ராண்டல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை, பிறகு அது ஆயுளாகக் குறைகிறது. மாரிஸ் அந்த இரவை நடிகர்களை வைத்துத் திரும்பத் திரும்ப எடுக்கிறார். ஒவ்வொரு சாட்சி சொல்லும்போதும் காட்சி கொஞ்சம் மாறுகிறது. கூட இருந்த பெண் போலீஸ் அந்த நேரம் காருக்குள்ளேயே இருந்தாரா, இறங்கி நின்றாரா? மில்க் ஷேக் கோப்பை மெதுவாகப் பறந்து போய்த் தரையில் விழுகிறது. பார்த்தவுடன் ஜோடனை என்று தெரிகிறது, அதனால் எந்தச் சாட்சி புளுகுகிறார் என்று நாமே எடைபோட ஆரம்பித்துவிடுகிறோம். நான் இதுவரை எழுதியதையெல்லாம் வைத்துப் பார்த்தால் எனக்குப் பிடித்திருக்கக் கூடாத படம், ஆனால் இரண்டு தடவை பார்த்தேன்.

முக்கியமான கடைசிப் பேட்டியில், சிறுவனாக இருந்தபோது ஆடம்ஸுக்கு எதிராகச் சாட்சி சொன்ன டேவிட் ஹாரிஸ், ஆடம்ஸ் நிரபராதி என்று கிட்டத்தட்ட ஒப்புக்கொள்கிறான். அன்றைக்கென்று பார்த்துக் கேமரா பழுது. திரையில் ஒரு டேப் ரெக்கார்டர் மட்டும் ஓடுகிறது, குரல் வருகிறது. படம் முழுக்க அலங்காரம் செய்த மனிதருக்கு அங்கே ஒன்றும் தேவைப்படவில்லை.

1989-இல் ஆடம்ஸ் வெளியே வந்தார். படத்தை ஆஸ்கர்காரர்கள் ஆவணப்படப் பிரிவில் பரிந்துரைக்கக்கூட இல்லை. வெளியே வந்த ஆடம்ஸ் கொஞ்ச நாளிலேயே தன் வாழ்க்கைக் கதையின் உரிமை யாருக்கு என்று கேட்டு மாரிஸ் மேலேயே வழக்குப் போட்டார், அது சமரசத்தில் முடிந்தது. எனக்கென்னவோ அந்த வழக்கில் ஆடம்ஸ் பக்கம்தான்.