அந்தப் பெடியன் பாடாமல் விட்ட இடங்கள்

எங்கட கோயில் திருவிழாவில மயான காண்டம், அதுதான் அரிச்சந்திரன் சுடலை காக்கிற நாடகம், போட்ட நாளிலயிருந்து ஒழுங்கை முழுக்க ரெண்டு கட்சி. அரிச்சந்திரனாய் வந்த பெடியனுக்குப் பாடவே தெரியாது, உவனை ஆர் மேடையில ஏத்தினது எண்டு ஒரு கட்சி. இப்பிடி ஒரு அரிச்சந்திரனை நாங்கள் கண்டதே இல்லை எண்டு மற்றக் கட்சி. நான் ரெண்டாவது கட்சி தான், ஆனால் ஒரு இடத்தில பழசுகளோட நிக்கிறன், அதைப் பிறகு சொல்லுறன்.

எங்கட யாழ்ப்பாணத்து இசைநாடகம் பாக்காத பிள்ளையளுக்காக ஒருக்காச் சொல்லோணும். இது வட்டுக்கோட்டையில ஆடுற கூத்து மாதிரி இல்லை. 19ஆம் நூற்றாண்டின்ர கடைசிப் பக்கத்திலயும் அதுக்குப் பிறகும் இந்தியாவிலயிருந்து நாடகக் கம்பனியள் வந்து கொட்டகை போட்டு ஆட, அதைப் பாத்து நாடகம் பழக்கிற எங்கட அண்ணாவிமார் எடுத்து வளர்த்த சாமான் இது. ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், கர்நாடக இராகத்தில பாட்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வழியில வந்த வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி எல்லாம் இஞ்ச விடிய விடிய நடந்தது. மைக் இல்லாத காலம், கடைசியில பாயில கிடக்கிற ஆளுக்கும் கேக்கோணுமெண்டால் உச்சத்தில நிண்டு பாடத்தான் வேணும், அதால நல்ல நடிகன் எண்டாலே பெரிய குரல்காரன் எண்டு சனத்துக்கு மனசில பதிஞ்சு போச்சு.

அதுக்கு மேல நடிகமணி வி.வி. வைரமுத்து இருக்கிறார். காங்கேசன்துறைக்காரர், 1924இல பிறந்து 1989இல காலமானவர், மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான மேடையில ஆடினவர். அவரைக் கண்ணால கண்டு வளந்தவை இண்டைக்கும் எங்கட ஊரில இருக்கினம். அவைக்கு அரிச்சந்திரன் எண்டால் அவர் தான், வேற ஆள் இல்லை. எங்கட பெரியப்பாவும் அப்பிடி ஒரு ஆள், இளந்தாரியாய் இருக்கேக்க ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில இருந்து தாளம் போட்டவர். நாடகம் முடிஞ்சு வெளிய வரேக்க அவர் சொன்னது: "தம்பி, உவன் கதைக்கிறான், பாடேல்லை. கதைக்கிறதைப் பாக்கிறதெண்டால் நான் வீட்டில ரீவியைப் போட்டுக்கொண்டு இருந்திருப்பன்."

சும்மா வயசு போன ஆளின்ர புறுபுறுப்பெண்டு அதைத் தள்ளேலாது. பாட்டில தான் இந்த நாடகமே நிக்குது. கதை எல்லாருக்கும் தெரியும். அரிச்சந்திரன்ர மகன் லோகிதாசன் தர்ப்பை வெட்டப் போய் பாம்பு கடிச்சுச் சாகிறான், அடிமையாய் இருக்கிற தாய் சந்திரமதி வேலை முடிச்சு இராவில தான் பிள்ளையைத் தேடிப் போறாள், சுடலைக்குக் கொண்டு வந்தால் அங்க காவல் நிக்கிறது தன்ர புருசன் எண்டு அவளுக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. முழத்துண்டு, கால்பணம், வாய்க்கரிசி வைக்காமல் பிணம் எரிக்க விடமாட்டன் எண்டு நிக்கிறான். அடுத்தது என்ன எண்டு ஒருத்தரும் காத்திருக்கிறேல்லை. எப்பிடிப் பாடப்போறான் எண்டு தான் சனம் குந்தியிருக்குது. துக்கத்தை ஒரு இராகத்தில பிடிச்சு, இழுத்து, திருப்பித் திருப்பிப் பாடி, கேக்கிறவன்ர நெஞ்சைக் கரைக்கிற வேலை அது. மூண்டு நாலு பேரோட, சோடனை பெரிசா ஒண்டும் இல்லாமல், ஒரு சுடலையை முழு இரவும் தாங்கிப் பிடிக்கோணும். இவ்வளவு பாரமான நாடகம் எங்கட மேடையில வேற இருக்கெண்டு நான் நினைக்கேல்லை.

அந்தப் பெடியன் என்ன செய்தவன் எண்டால், முதலாவது, சுருதியைக் குறைச்சு வைக்கச் சொல்லிப்போட்டான். மேடைக்கு வரேக்கப் பாடுற வரவுப் பாட்டு வடிவாத் தான் பாடினான், குரல் இல்லாத ஆள் இல்லை அவன், அதைப் பெரியப்பாவும் ஒத்துக்கொண்டவர். ஆனால் சுடலைக்குள்ள வந்த பிறகு குரலை உள்ளுக்க இழுத்திட்டான். கால்பணம் கேக்கிற இடம் இருக்கெல்லோ, அதில எல்லாரும் அதட்டிப் பாடுற வழக்கம், தடியால நிலத்தில அடிச்சு. இவன் தடியைக் கக்கத்துக்குள்ள வச்சுக்கொண்டு, அவளின்ர முகத்தைப் பாக்காமல் உள்ளங்கையை மட்டும் நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் பத்துப் பேரிட்டக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஆள் மாதிரி அரைப்பாட்டாய்ச் சொன்னான். மிருதங்கம் நிண்டிட்டுது. ஆர்மோனியம் மட்டும் சுருதி பிடிச்சுக்கொண்டு கிடந்தது. கை நீட்டினபடியே இருக்குது, அவள் சீலைத் தலைப்பைப் பிடிச்சுக் கிழிக்கிற சத்தம் மைக்கில கேக்குது, அப்பவும் அவன் திரும்பிப் பாக்கேல்லை.

எனக்கு முன்னால இருந்த ஆச்சி ஒராள் "அறுவானே, உன்ர பிள்ளையடா அது" எண்டு சத்தமாச் சொல்லிப்போட்டா. ஒருத்தரும் சிரிக்கேல்லை.

அந்த இடத்தில அவன் அருமையான இராகம் ஒண்டை எடுத்து ஆலாபனை செய்திருந்தால் நாங்கள் கை தட்டியிருப்பம், குரலை மெச்சியிருப்பம், பிள்ளையை மறந்திருப்பம். சுடலை காக்கிறவனுக்கு அது இன்னொரு பிணம், அவ்வளவு தான். அவனுக்கு அழுகை வரக்கூடாது, ஏனெண்டால் அவனுக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. தெரிஞ்ச எங்களுக்குத் தான் அழுகை வரோணும். தாலி கண்ணில பட்டு, புருசனுக்கு மட்டுந்தான் தெரியக்கூடிய தாலி அது, அவள் ஆரெண்டு விளங்கின பிறகு தான் அவன் முதன்முதலாய் முழுக்குரலில பாடினான். அவ்வளவு நேரமும் மூடி வச்சிருந்த குரல் அங்க வெளிய வந்ததால தான் அந்தப் பாட்டு அப்பிடி அடிச்சது. பாடத் தெரியாதவன் எண்டு சொல்லுற ஆக்கள் அந்தப் பாட்டைக் கேக்கேல்லையோ எண்டு எனக்கு உண்மையிலயே கோவம் வருது.

இன்னொரு விசயமும் இருக்கு. அண்டைக்கு வந்திருந்த சனத்தில அரைவாசிக்கு மேல 1990இல சண்டையால வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டு, எத்தினையோ இடத்தில இருந்து, ஆமி காணியை விட்ட பிறகு திரும்பி வந்த குடும்பங்கள். பிள்ளையைக் கையில தூக்கிக்கொண்டு, எரிக்கக் காசில்லாமல், ஆரோ ஒராளின்ர அனுமதிக்கு நிக்கிற தாய் அவைக்குப் புராணத்தில வாற ஆள் மட்டும் இல்லை. அதிகாரத்தில இருக்கிறவன் முகம் பாக்காமல் கை நீட்டுறது எப்பிடி இருக்குமெண்டு அவைக்குத் தெரியும். பாட்டுக் குறைஞ்சு போச்செண்டு சொன்னவைக்குள்ளயும் அந்த இடத்தில சால்வையால கண்ணைத் துடைச்ச ஆக்களை நான் கண்டனான்.

சரி, பழசுகளோட நான் சேருற இடம். கடைசியில காசிராசன்ர பிள்ளையைக் கொலை செய்தவள் எண்டு சந்திரமதியில பழி விழுந்து, அவளை வெட்டச் சொல்லி அரிச்சந்திரனிட்டயே கட்டளை வருது. வாளை ஓங்கிப்போட்டு அந்தப் பெடியன் நிண்டான், நிண்டான், நிண்டுகொண்டே இருந்தான். மருதனார்மடத்தில படிக்கிற என்ர மருமகள் பக்கத்தில இருந்தவள், "மாமா, இது தான் நடிப்பு" எண்டாள். பெரியப்பா "அரிச்சந்திரன் தயங்கினால் அவன் அரிச்சந்திரனே இல்லை" எண்டார். பெரியப்பா சொன்னது சரி. ஆரெண்டு தெரிஞ்ச பிறகும் தன்ர மனுசியிட்டயே போய்க் கால்பணம் கொண்டா எண்டு சொல்லேக்கயே அவன் தன்ர முடிவை எடுத்திட்டான். அதுக்குப் பிறகு வாள் தாமதிக்கக்கூடாது. உள்ளுக்க வேகிறதைக் காட்டவேணுமெண்டால் ஓங்க முதல் காட்டட்டும், ஓங்கின பிறகு இல்லை. மருமகள் இதை இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை, மத்தியானச் சாப்பாட்டில இருந்து பின்னேரத் தேத்தண்ணி மட்டும் இதைத்தான் கதைச்சவள், அவ்வளவு நேரம் ஒரு அரிச்சந்திரனைப் பற்றி இந்த வயசுப் பிள்ளை கதைக்கிறது எனக்குப் பெரிய சந்தோசம்.

சந்திரமதியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை, அது பெரிய அநியாயம். முந்தி ஆம்பிளையள் பெண் வேசம் போட்டு ஆடின பாத்திரம், இண்டைக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்து, மகனைத் தேடுற பாட்டில இருந்து கடைசி மட்டும் ஒரு சுருதி பிசகாமல் பாடினாள். அவன் பாடாமல் நிக்க ஏலுமாய் இருந்ததே அவள் பாடினதால தான். பழைய மாதிரிப் பாட்டு வேணுமெண்டு கேட்ட ஆக்களுக்கு வேண்டினது முழுக்க அவளிட்ட இருந்தது, ஆனால் எல்லாற்ற கண்ணும் அரிச்சந்திரனில தான்.

கோயில் பரிபாலன சபைக்காரரிட்டச் சொல்லிப்போட்டன், வாற வருசமும் இதே செற்றைத் தான் கூப்பிடோணும், மேளக்கச்சேரியை நீட்டி நாடகத்தைச் சுருக்கிற வேலை வேண்டாம், முன்னுக்குத் தொங்கவிடுற மைக்கையும் நல்லதாப் பிடியுங்கோ எண்டு. பெரியப்பாவும் வாறாராம். ஆர்மோனியத்தில ஒரு கட்டை கூட்டி வைக்கச் சொல்லி அந்தப் பெடியனிட்டத் தானே நேர கேக்கப்போறன் எண்டு நிக்கிறார்.