பழைய எக்ஸ்டி கணினிக்கு ஒரு பேக்கெட் டிரைவர்

தண்டையார்பேட்டையிலோ மண்ணடியிலோ ஓர் அச்சகத்தைக் காலி செய்யும்போது, இன்டெலின் 8088 சில்லு (செயலி) பொருத்திய, 1980களின் ஐபிஎம் எக்ஸ்டி வகைக் கணினி ஒன்று எப்போதாவது காயலான் கடைக்கு வந்து சேர்வதுண்டு. அவற்றை வாங்கிச் சீர்செய்து ஓடவைப்பது எனக்கும் நண்பர்கள் சிலருக்கும் வெகுநாள் பழக்கம். கடலோரம் என்பதால் உப்புக்காற்றில் கார்டுகளின் தொடுமுனைகள் கறுத்திருக்கும். பென்சில் அழிப்பானால் தேய்த்தாலே பாதி நோய் தீர்ந்துவிடும். மீதி வேலை, கணினியை வீட்டு நெட்வொர்க்கில் சேர்ப்பது. ஃபிளாப்பி கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அது ஒழுங்காகப் படிக்கப்படுவது அதைவிட அரிது என்றாகிவிட்டதால், உள்ளே கிடக்கும் கோப்புகளை வெளியே எடுக்க நெட்வொர்க் கேபிளைவிட நம்பகமான வழி இல்லை.

1981-இல் ஐபிஎம் பிசியுடன் வந்த டாஸ் இயக்க முறைமைக்கு நெட்வொர்க் என்ற ஒன்றே தெரியாது. அதனால் தொடக்கத்தில் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தனித்தனியாக நிரல் வைத்திருக்க வேண்டியிருந்தது. எஃப்டிபி சாஃப்ட்வேர் நிறுவனம் 1980களில் வகுத்துப் பொதுவில் வெளியிட்ட பேக்கெட் டிரைவர் விதிமுறை இந்தச் சிக்கலை எளிதாக அறுத்தது. கார்டைப் பற்றிய அறிவு முழுவதும் ஒரு சிறிய டிரைவரில் இருக்கும். அது ஹெக்ஸ் (பதினாறடிமான எண்முறை) 60-க்கும் 80-க்கும் இடைப்பட்ட ஓர் இண்டெரப்டில், அதாவது மென்பொருள் கூப்பிடக்கூடிய எண்ணிட்ட ஒரு வாயிலில், அமர்ந்துகொள்ளும். மேலே ஓடும் மென்பொருள் அந்த இண்டெரப்டை அழைத்தால் போதும், கீழே எந்தக் கார்டு இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவின் கிளார்க்சன் பல்கலைக்கழகத்தில் இருந்த ரஸ்ஸல் நெல்சன் இத்தகைய டிரைவர்களை மூல நிரலுடன் தொகுத்து வழங்கினார். பின்னாளில் அத்தொகுப்பு கிரின்வர் என்ற பெயரில் அறியப்பட்டது. எல்லா டிரைவர்களுக்கும் பொதுவான தலைப்பகுதியும் வால்பகுதியும் தனிக் கோப்புகளாக இருந்ததால், புதிய கார்டுக்கு எழுதுபவர் நடுப்பகுதியை மட்டும் எழுதினால் போதுமாயிருந்தது. அந்த அமைப்பின் அருமை, அதைத் திறந்து வைத்துக்கொண்டு நாமே ஒரு வரியை மாற்ற முற்படும்போதுதான் புரிகிறது.

எதை மாற்றலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1518 பைட் கொண்ட முழு நீள ஈதர்நெட் பேக்கெட் (நெட்வொர்க்கில் செல்லும் தகவல் பொட்டலம்) ஒன்று, நொடிக்கு 10 மெகாபிட் வேகக் கம்பியில் ஏறக்குறைய 1.2 மில்லி நொடியில் வந்து இறங்கிவிடும். கார்டின் நினைவகத்திலிருந்து அதைக் கணினியின் நினைவகத்துக்கு எடுத்துவருவதுதான் 8088-க்குப் பெரும்பாடு. பின்னர் வந்த 80186 சில்லில் சேர்ந்த, பல பைட்டுகளை ஒரே கட்டளையில் படித்து நினைவகத்தில் வைக்கும் சர உள்ளீட்டுக் கட்டளைகள் 8088-இல் கிடையாது. ஒரு பைட்டைப் படி, நினைவகத்தில் வை, மீண்டும் தொடங்கு என்று சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இன்டெல் கையேட்டின்படி படிக்க 8 கடிகாரத் துடிப்புகள், வைக்க 11, திரும்பிப் போக 17. அதாவது, வேலைக்கு 19 துடிப்பு, வேலைக்குத் திரும்பும் நடைக்கு 17! 4.77 மெகாஹெர்ட்ஸில் 1500 பைட்டுக்கு இது 11 மில்லி நொடியைத் தாண்டிவிடும். படிக்கும் கட்டளையையும் வைக்கும் கட்டளையையும் அடுத்தடுத்துப் பதினாறு முறை எழுதிவிட்டு, அதன் பிறகு ஒருமுறை மட்டும் திரும்பிப் போகச் செய்தால், காகிதக் கணக்கில் அது 6 முதல் 7 மில்லி நொடிக்குள் அடங்கும். நினைவகப் புதுப்பிப்பும் கட்டளைகளை எடுத்துவரும் நேரமும் சேர்வதால் உண்மையில் இதைவிடக் கூடுதலாகவே ஆகும் என்றாலும், இரண்டு கட்டளைகளும் ஒரே ஒரு பைட் நீளமுள்ளவை என்பதால் 8088-இன் குறுகலான 8 பிட் பாதைக்கு அவை பொருத்தமானவை. என்இசி நிறுவனத்தின் வி20 சில்லை 8088 இருந்த சாக்கெட்டிலேயே செருகிவிட்டால் சர உள்ளீட்டுக் கட்டளை கிடைத்துவிடும். ஆகவே டிரைவர் முதலில் செயலி எது என்று சோதித்து, அதற்கேற்ற வழியில் செல்வது நல்லது.

இப்படித் திருத்திய டிரைவரை நண்பர்களுக்குக் கொடுக்கும்போது, இயங்கும் கோப்பை மட்டும் அனுப்புவது பாதிப் பகிர்வுதான் என்பது என் கருத்து. எந்தக் கார்டில், எந்த முகவரியில், எந்த இண்டெரப்ட் எண்ணில், எந்தச் செயலியில் சோதிக்கப்பட்டது என்ற குறிப்பு உடன் செல்லவில்லையென்றால், வாங்குபவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேரும். வியாசர்பாடித் தம்பி ஒருவர், என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு பேசவே மறுக்கிறது என்று ஒருநாள் அழைத்தார். வழக்கமான அமைப்பு என்னவென்று கேட்டேன். "ஹெக்ஸ் 300, இண்டெரப்ட் 3 தாண்ணே. ரெண்டாவது காம் போர்ட்டுல மவுஸ் மாட்டியிருக்கேன், அதனாலயா?" என்று அவரே விடையையும் சொல்லிவிட்டார். இங்கே இண்டெரப்ட் எண் என்பது கார்டோ போர்ட்டோ செயலியைக் கூப்பிடும் கம்பியின் எண். இரண்டாவது சீரியல் போர்ட்டுக்கும் (காம் போர்ட்) 3-தான் வழக்கம், அதனால் இரண்டும் மோதிக்கொண்டன. எக்ஸ்டியில் 5-ஐ ஹார்ட் டிஸ்க் கண்ட்ரோலர் பிடித்துக்கொண்டிருக்கும். 8 பிட் ஸ்லாட்டுக்கு 7-க்கு மேற்பட்ட எண்கள் எட்டுவதே இல்லை. மவுஸை முதல் போர்ட்டுக்கு மாற்றியதும் கார்டு பேசியது. இந்த விவரம் இப்போது மூல நிரலின் தலைப்பிலேயே குறிப்பாக ஏறியிருக்கிறது.

உரிமத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பில் கார்ன் தம்முடைய அமெச்சூர் வானொலி அழைப்புக் குறியான கேஏ9கியூ என்ற பெயரிலேயே வெளியிட்ட டிசிபி/ஐபி (இணையத்தின் அடிப்படைத் தொடர்பு விதிகள்) மென்பொருளை, மூல நிரல் கைக்குக் கிடைத்ததால்தான் மற்ற வானொலி ஆர்வலர்கள் ஜேநாஸ் போன்ற வடிவங்களாக வளர்க்க முடிந்தது. விண்டோஸ் 3.1 காலத்தில் கணினியை இணையத்தில் சேர்க்கும் பீட்டர் டாட்டமின் டிரம்பெட் வின்சாக் மென்பொருள் எங்கும் பரவியது. பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் அவருக்குரிய தொகையைச் செலுத்தவில்லை. பரவியது மென்பொருள் மட்டுமே, மூல நிரல் அன்று. மைக்கேல் பிரட்மன் 8088-இலும் ஓடும்படி எழுதிய எம்டிசிபி என்ற டிசிபி/ஐபி தொகுப்பு, மூல நிரலையும் பகிரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. நெட்வொர்க் முகவரி பெறும் டிஎச்சிபி, கோப்பு அனுப்பும் எஃப்டிபி, தொலைக் கணினியில் நுழையும் டெல்நெட், நேரம் சரிசெய்யும் கருவி எல்லாம் அதில் உண்டு. எங்கள் கணினிகளில் நாங்கள் நம்பியிருப்பது அதைத்தான்.

இன்றைய இணையதளங்களின் மறைகுறியாக்கம் இக்கணினிகளின் சக்திக்கு அப்பாற்பட்டது என்பதால், ஒரு சிறிய லினக்ஸ் கணினியில் எஃப்டிபி சேவையகம் அமைத்து, டிரைவர்களையும் அவற்றின் மூல நிரலையும் அங்கே வைத்திருக்கிறேன். டிரைவரில் வி20-க்கென உள்ள நிரல் வழியைச் சோதிக்க, அந்தச் சில்லு பொருத்திய கணினியும் 8 பிட் ஸ்லாட்டில் ஓடும் கார்டும் வைத்திருப்பவர்கள் தேவை. சோதித்துவிட்டு, மேலே சொன்ன நான்கு விவரங்களுடன் எழுதுங்கள்.